என்தால்பி மாறவில்லை, வெப்பம்தான் மாறியது

துத்தநாகத் தூளைக் காப்பர் சல்பேட் கரைசலில் நேரடியாகக் கொட்டினால் மோலுக்குச் சுமார் 219 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது; அதே வினை டேனியல் மின்கலத்தில் (துத்தநாகமும் செம்பும் மின்முனைகளாக உள்ள கலம்) மெதுவாக நடக்கும்போது கலம் ஏறக்குறையச் சூடாவதே இல்லை; அப்படியென்றால் என்தால்பியும் (அக ஆற்றலோடு அழுத்தம், கனஅளவு இரண்டின் பெருக்கலைக் கூட்டிய அளவு), வெப்பத்தைப் போலவே, வினை நடக்கும் வழியைச் சார்ந்ததுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. என்தால்பி மாற்றம் இரண்டு வழிகளிலும் −219 கிலோஜூல்தான்.

சிக்கல் நீங்கள் பயன்படுத்திய சமன்பாட்டில் உள்ளது. மாறா அழுத்தத்தில் என்தால்பி மாற்றம் வெப்பத்துக்குச் சமம் என்ற விதி, விரிவடைதல் வேலையை (கனஅளவு மாறுவதால் நடக்கும் வேலையை) தவிர வேறு எந்த வேலையும் நடக்காதபோது மட்டுமே செல்லும். பாடநூல்கள் இந்த நிபந்தனையை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவதால் பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கலத்தின் மின்னழுத்தம் 1.10 வோல்ட், கடக்கும் எலக்ட்ரான்கள் 2 மோல், ஃபாரடே மாறிலி, அதாவது ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டம், 96,485 கூலும். மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 212 கிலோஜூல். கலம் மீள்முறையில், அதாவது எப்போதும் சமநிலைக்கு மிக அருகிலேயே மிக மெதுவாக, இயங்கினால் அவ்வளவும் மின்வேலையாக வெளியேறிவிட, எஞ்சிய 6 அல்லது 7 கிலோஜூல் மட்டுமே வெப்பமாகிறது.

கலத்தோடு ஒரு மின்தடையையும் இணைத்து, இரண்டையும் வெப்பத்தை அளக்கும் ஒரே கலோரிமீட்டருக்குள் வைத்துப் பாருங்கள்: மின்வேலை முழுவதும் உள்ளேயே வெப்பமாக மாறுவதால், கணக்கில் மீண்டும் அதே 219 கிலோஜூல் வந்து நிற்கும்.