முதலில் டாக்டர், அப்புறம் ஹாஸ்டல்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். 3,000 மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் முதலிடம், மாநிலப் போட்டிக்கும் போய் வந்தாள். ஓட்டத்தையே தொழிலாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள். கோச் விளையாட்டு ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்கிறார். எடை இறங்கினால்தான் டைமிங் வரும் என்று ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஐந்து மாதமாக அவளுக்குத் தீட்டு வரவில்லை, ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்கிறார். முழங்காலுக்குக் கீழே வலி என்றும் சொல்கிறாள். என் கணவர் லுங்கித் தறி ஓட்டுகிறார். நாத்தனாரோ, ‘பொம்பளைப் பிள்ளை இவ்வளவு தூரம் ஓடினா கர்ப்பப்பை இறங்கிடும், நாளைக்கு யார் கட்டுவான்’ என்கிறார். ஓட்டம் சோறு போடுமா? விலை கூடின கார்பன் ஷூ வேறு கேட்கிறாள், வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், குடியாத்தம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஹாஸ்டல், கல்யாணம், ஷூ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஐந்து மாதமாகத் தீட்டு வரவில்லை என்பதை நடுவில் ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதைக் கவனிக்கிறவரை மற்ற எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஓடுகிற பெண் பிள்ளைகள் நிறையப் பேருக்குத் தீட்டு நின்றுபோகிறது என்பது உண்மைதான். அதற்காக அது சரியென்று ஆகிவிடாது. காலையில் லாங் ரன், சாயங்காலம் கிரவுண்டில் ரவுண்டு, ராத்திரி வெறும் வயிறு என்றால் உடம்பு என்ன செய்யும்? இருக்கிற கொஞ்சம் சக்தியை இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கிவிட்டு, பிள்ளைப்பேறு சம்பந்தமான வேலையை நிறுத்தி வைக்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும். எலும்புக்குக் காவல் அதுதான். அது குறைந்த உடம்போடு தினமும் தார் ரோட்டில் ஓடினால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்தச் சக்திக் குறைபாட்டுக்கு என்று தனிப் பெயரே வைத்துப் பயிற்சியாளர்களை எச்சரித்தது. 17 வயது எலும்பு சேர்த்துவைக்கிற வயது. இப்போது விட்டதை 30 வயதில் பிடிக்க முடியாது.

கால்வலி வெறும் தசைவலியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே இடத்தை விரலால் தொட்டு ‘இங்கதாம்மா’ என்று காட்டினாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, டாக்டர் பார்க்கிறவரை ஒரு ரவுண்டுகூட ஓட விடாதீர்கள்.

சி.எம்.சி. இருக்கிற மாவட்டத்தில் இருக்கிறீர்கள். அங்கேயோ பக்கத்திலோ ஒரு மகளிர் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மூன்று மாதம் நின்றாலே காட்ட வேண்டும், உங்களுக்கு ஐந்தாகிவிட்டது. தைராய்டு, ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடம்பில் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கும், ஓட்டக்காரிகளிடம் இது சகஜம். கர்ப்பப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள். தீட்டு நின்றால் யாருக்கும் எழுதுவதுதான், அதற்காகப் பெண்ணை முறைக்காதீர்கள். மாத்திரை போட்டு உதிரம் பட்டுவிட்டால் சரியாகிவிட்டது என்று இருந்துவிடவும் கூடாது. சாப்பாடு தேறித் தானாக வர வேண்டும். எலும்புக்கு அதுதான் கணக்கு.

ராத்திரிச் சாப்பாட்டை இன்றைக்கே திரும்ப ஆரம்பியுங்கள். விலை கூடின எதுவும் வேண்டாம். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை போதும், ஆனால் வயிறு நிறைய. ஓடி முடித்த அரைமணிக்குள் வாழைப்பழமோ வேர்க்கடலை உருண்டையோ கையில் கொடுங்கள். சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், டீ கீரையிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் நன்றாகச் சேரும். யாராவது பவுடர் டப்பா, ஊசி என்று கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதில் தடைசெய்த மருந்து கலந்திருந்தால், ‘எனக்குத் தெரியாது சார்’ என்பது ஊக்கமருந்து விசாரணையில் எடுபடாது.

கோச் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். டாக்டர் சீட்டோடு நீங்களும் கணவரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள். ‘தீட்டு வருகிறவரைக்கும் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க சார்’ என்று சொல்லிவிட்டு, அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பாருங்கள். ‘சரிம்மா, உடம்பு தேறட்டும்’ என்றால் அவரிடமே தொடரலாம். சிரித்தால் வேறு கோச் பார்க்க வேண்டியதுதான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஹாஸ்டல் எங்கேயும் ஓடிவிடாது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்குச் செலக்‌ஷன் வருஷா வருஷம் நடக்கிறது. சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ச் சமையல்கட்டைப் பாருங்கள், ராத்திரி என்ன போடுகிறார்கள், பிள்ளைக்கு அடிபட்டால் எந்த டாக்டரிடம் காட்டுவார்கள் என்று கேளுங்கள். பெண் வார்டனிடம் தனியாகப் பேசுங்கள்.

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். அவரைக் கோபிக்காதீர்கள், அவர் சொல்வதைப் படித்த பெரிய மனிதர்களே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் மூச்சு வாங்கியதைப் பார்த்துப் பயந்து, அந்தப் போட்டியையே எடுத்துவிட்டு 1960-ல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது 1984-ல். இங்கிலாந்தின் பவுலா ராட்க்ளிஃப் 2007 ஜனவரியில் பெண் குழந்தை பெற்றார், அதே வருஷம் நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் ஜெயித்தார். நாத்தனாருக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே போதும். ஓடினால் கர்ப்பப்பை இறங்காது. பட்டினி கிடந்து ஓடினால்தான் தீட்டு நிற்கும்.

சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் ஷூ கம்பெனி ஒப்பந்தத்திலேயே வாழ்கிற ஓட்டக்காரிகள் உண்டு. நம் நாட்டில் அப்படி வாழ்பவர்கள் மிகக் குறைவு. இங்கே ஓட்டம் வேலை வாங்கித் தரும், வேலைதான் சோறு போடும். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வாங்கிய கேரளத்துப் ப்ரீஜா ஸ்ரீதரன் ரயில்வேக்காரர். 2023 ஹாங்சோவில் 5,000 மீட்டர் கடைசி ஓட்டத்தில் ஜப்பான்காரியை முந்தித் தங்கம் வாங்கிய பாருல் சவுத்ரி, தங்கம் வாங்கினால் உத்தரப்பிரதேச போலீசில் டி.எஸ்.பி. ஆகலாம் என்ற நினைப்பில்தான் கடைசி மீட்டர்களை ஓடினேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். மீரட் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண் அவர். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது.

இவர்கள் இரண்டு பேருக்கும் அப்போது 28 வயது. உங்கள் பெண்ணுக்கு இன்னும் 11 வருஷம் இருக்கிறது. தூர ஓட்டக்காரி 17-ல் ஜெயித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை, 28-லும் ஓடுகிற உடம்பு மிச்சமிருக்க வேண்டும்.

தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு எல்லா மெடலும் செல்லாது. ‘நேபாளத்தில் இன்டர்நேஷனல் மீட், இத்தனை ஆயிரம் கட்டினால் போதும்’ என்று வருகிறவர்களிடம் தறியில் சம்பாதித்த பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பள்ளி விளையாட்டு, பல்கலைக்கழகப் போட்டி, அங்கீகாரம் பெற்ற தடகளச் சங்கத்தின் போட்டி, இவற்றின் சான்றிதழ்தான் வேலைக்கு உதவும். அப்புறம், டிகிரியை விட வேண்டாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட்டும் கிடைக்கும், பெரிய பதவிக்குப் படிப்பும் கேட்பார்கள்.

ஷூ கேட்டிருந்தீர்கள். கார்பன் தகடு வைத்தது இப்போது வேண்டவே வேண்டாம், வலிக்கிற காலுக்கு அது மருந்தும் இல்லை. டாக்டர் ஓடலாம் என்ற பிறகு சாதாரண ரன்னிங் ஷூ ஒன்று வாங்குங்கள். கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போது கால் கொஞ்சம் உப்பியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அவள் ஓடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.