பெலாங்காஸ் முட்டையும் உதட்டு மரப்பும்

பெலாங்காஸ் என்னும் குதிரைலாட நண்டின் முட்டையில் நச்சு இருந்தால், வேகவைத்தாலும் போகாது, சமையல் சூட்டுக்கு அழியாது. பினாங்கின் பாலிக் பூலாவில் அந்த முட்டை சாப்பிட்டதிலிருந்து உதடு மரத்திருக்கிறது என்கிறீர்களே, உடனே 999 அழையுங்கள். அப்புறம் படியுங்கள்.

பெரும்பாலும் டெட்ரோடாக்சின் என்ற நரம்பு நச்சுதான். நரம்பிலுள்ள சோடியம் வாயில்களை அடைத்துவிடும். மூளையின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. நினைவு தெளிவாகவே இருக்கும், மூச்சுத் தசை மட்டும் ஓய்ந்துகொண்டே வரும். மாற்று மருந்து கிடையாது. நச்சு வெளியேறும்வரை செயற்கைச் சுவாசம்தான். இளநீர் வைத்தியமெல்லாம் சும்மா.

ஓடு குப்பையில் கிடந்தால் வீட்டில் யாராவது வாலைப் பார்க்கட்டும். வாலின் குறுக்குவெட்டு உருண்டையாக இருந்தால் சதுப்புநில வகை, நச்சுக்குப் பேர்போனது. முக்கோணமாக இருந்தால் வேறு வகை. ஆனால் முக்கோணம் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். மரப்பு இருந்தால் ஆஸ்பத்திரிதான்.