ஆயிரம் எபிசோடுகளின் இயக்குநர்

சென்ற இதழில் 'ஃபிரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பற்றிய குறிப்பொன்றில், அதன் முதல் எபிசோடை இயக்கியவர் ஜேம்ஸ் பரோஸ் என்று போகிற போக்கில் எழுதியிருந்தோம். அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள் ஏராளம் என்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதும் அவருக்கே.

அவர் ஆயிரம் எபிசோடுகளுக்கு மேல் இயக்கியவர் என்கிறார்களே, அது நடக்கக்கூடிய காரியமா?
– வாசகர், கும்பகோணம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு நகைச்சுவைத் தொடரின் ஓராண்டுப் பருவம் என்பது நெடுங்காலமாகச் சுமார் 22 எபிசோடுகள். வேறெந்த வேலையும் இல்லாமல் ஒரு தொடரை முழுமையாக இயக்கிக்கொண்டே இருந்தாலும், ஆயிரத்தைத் தொட 45 ஆண்டுகள் ஆகும். பரோஸ் 1974-இல் தொடங்கி 2015-இல் அந்த எண்ணைத் தொட்டுவிட்டார். இடையில் 'டாக்ஸி' தொடரின் 114 எபிசோடுகளில் 75, 'சியர்ஸ்' தொடரில் 230-க்கும் மேற்பட்டவை, 'வில் அண்ட் கிரேஸ்' தொடரில் ஒன்று விடாமல் 246 எபிசோடுகள் என்று அவர் கைக்கு ஓய்வே இருந்ததில்லை. எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பளிப்பது, இத்தனைக்கும் பிறகும் தெருவில் அவரை அடையாளம் கண்டுகொள்பவர்கள் மிகச் சிலரே என்பதுதான். அது அவருடைய தொழிலின் இயல்போடு சேர்ந்தது; கீழே வரும் பதில்களில் அதுவே வெவ்வேறு வடிவில் தலைகாட்டும்.

திரைப்படத்தில் இயக்குநர்தான் எல்லாம். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் எழுத்தாளர் எழுதிக் கொடுத்துவிடுகிறார், நடிகர்கள் பேசிவிடுகிறார்கள், செட்டும் மாறுவதில்லை. இயக்குநருக்கு அங்கே என்னதான் வேலை?
– கல்லூரி மாணவி, திருச்சி

கேள்வியில் குறும்பு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதலாளி எழுத்தாளர்தான். தொடரை உருவாக்கிய எழுத்தாளரே தயாரிப்பின் தலைமையையும் வகிப்பார். கதை, வசனம், நடிகர் தேர்வு, இறுதிப் படத்தொகுப்பு எல்லாவற்றிலும் கடைசிச் சொல் அவருடையது. இயக்குநரோ பல தொடர்களில் வாரம் ஒருவர் வந்து போகும் விருந்தாளி. நம் ஊர்ப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் எழுத்தாளர் கொடுப்பது தாள். அந்தத் தாளில் உள்ள ஒரு நகைச்சுவை, சொல்பவர் நின்றுகொண்டு சொன்னால் எடுபடுமா, கதவை நோக்கி நடந்தபடி திரும்பிச் சொன்னால் எடுபடுமா, கேட்பவரின் முகத்தை எப்போது காட்ட வேண்டும், சிரிப்பு அடங்குவதற்கு முன் அடுத்தவர் பேசத் தொடங்கினால் என்ன கெட்டுப்போகும் என்பனவற்றையெல்லாம் தாள் சொல்லாது. 'சியர்ஸ்' தொடரில் நார்ம் என்ற பாத்திரம் மதுக்கூடத்துக்குள் நுழைவதை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கிறது; உள்ளே இருப்பவர்கள் அனைவரும் ஒரே குரலில் அவர் பெயரைக் கூவுகிறார்கள்; யாரோ ஒருவர் நலம் விசாரிக்கிறார்; நார்ம் தன் வழக்கமான முக்காலியை நோக்கி நடந்தபடியே ஒரு வரிப் பதில் சொல்கிறார். பதினோரு ஆண்டுகளாக வந்த இந்த நுழைவில் வசனம் மட்டுமே மாறும். படியிறங்கி, கூட்டத்தைக் கடந்து, மேடையின் குறுக்கே முக்காலி வரை அவர் நடந்து முடிப்பதற்குள் கேள்வி, பதில், சிரிப்பு மூன்றும் அடங்கிவிட வேண்டும். இதற்கு நாடக மேடை தெரிந்திருக்க வேண்டும். பரோஸுக்குத் தெரிந்திருந்தது.

அவர் நாடகக் குடும்பத்திலிருந்து வந்தவரா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ஆம். தந்தை ஏப் பரோஸ், நியூயார்க்கின் பிராட்வே மேடையில் பெயர் பெற்ற எழுத்தாளர், இயக்குநர். 1950-இல் மேடையேறிய 'கைஸ் அண்ட் டால்ஸ்' இசை நாடகத்தின் உரையாடலை எழுதியவர்களில் ஒருவர். மகன் 1940-இல் பிறந்து, ஓபர்லின் கல்லூரியிலும் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளியிலும் படித்தார். 1966-இல் தந்தை ஈடுபட்டிருந்த ஓர் இசை நாடகத்தில் மேடை நிர்வாகத்தில் உதவியாளராக வேலை பார்த்தார். 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' கதையை வைத்து எடுத்த அந்த நாடகம், முன்னோட்டக் காட்சிகளோடு நின்று, முறையாகத் தொடங்காமலேயே மூடப்பட்டது. அதில் நாயகியாக நடித்தவர் மேரி டைலர் மூர். எட்டாண்டுகள் கழித்து, மூரும் அவருடைய கணவர் கிராண்ட் டிங்கரும் தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடர்களைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, வெளியூர் மேடைகளில் நாடகங்களை இயக்கிக்கொண்டிருந்த பரோஸ் வேலை கேட்டு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தோற்ற நாடகம் ஒன்றின் அறிமுகம் இவ்வளவு தூரம் கைகொடுத்ததற்கு வேறு உதாரணம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. அங்கே அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஜே சாண்ட்ரிச். மூர் நாயகியாக நடித்த 'தி மேரி டைலர் மூர் ஷோ' தொடரின் 168 எபிசோடுகளில் 119-ஐ இயக்கியவர்.

ஒரு எபிசோடை எத்தனை நாளில் எடுப்பார்கள்? ஒத்திகை உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

பார்வையாளர் முன்னிலையில் எடுக்கப்படும் தொடர் என்றால் ஒரு வாரம். அந்த வாரத்தின் பெரும்பகுதி ஒத்திகைதான். முதல் நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனத்தை வாசிப்பார்கள். அடுத்த இரண்டு நாள்களில் இயக்குநரும் நடிகர்களும் செட்டில் காட்சிகளை அமைப்பார்கள். மாலையில் எழுத்தாளர்கள் வந்து, நடித்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, எடுபடாத இடங்களை இரவோடு இரவாகத் திருத்தி எழுதுவார்கள். நான்காம் நாள் கேமராக்கள் வரும். எந்த வரிக்கு எந்தக் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பது அன்று முடிவாகும். ஐந்தாம் நாள் மாலை, இருநூறு முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் அரங்கில், காட்சி வரிசைப்படியே படப்பிடிப்பு நடக்கும். தொடருக்குத் தொடர் கிழமை மாறலாம், அமைப்பு மாறாது.

மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, பார்வையாளர்களுக்கு முன்னால் ஃபிலிமில் எடுக்கும் இந்த ஏற்பாட்டை நிலைபெறச் செய்தது 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'. அதன் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட், ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' மௌனப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவர் என்பது ருசியான உபரித் தகவல். 'டாக்ஸி' 1978-இல் தொடங்கியபோது, வாடகைக் கார் நிறுத்துமிடமாக அமைந்த அதன் அகலமான செட்டுக்கு மூன்று கேமராக்கள் போதவில்லை. நான்காவதைச் சேர்த்துக்கொண்டு, அதை வழக்கமாகவே ஆக்கிய முன்னோடிகளில் ஒருவர் பரோஸ்.

அந்தத் தொடரில் அவர் இயக்கிய ஒரு காட்சியைச் சொன்னால் ஒத்திகையின் அருமை விளங்கும். 1979-இல் வந்த எபிசோடு அது. போதைப் பழக்கத்தால் நினைவு மங்கிப்போன ஜிம் என்பவர் ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வை எழுதுகிறார்; நண்பர்கள் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன பொருள் என்று ஜிம் கிசுகிசுப்பாகக் கேட்கிறார். 'வேகத்தைக் குறை' என்று நண்பர் விடை சொல்கிறார். ஜிம் தலையாட்டிவிட்டு, அதே கேள்வியை மெதுவாகக் கேட்கிறார். மீண்டும் அதே விடை. ஜிம் இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துக் கேட்கிறார். விடையைத் தமக்கான கட்டளையாக அவர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்பது பார்வையாளர்களுக்குப் புரிந்த கணத்திலிருந்து சிரிப்பு ஏறிக்கொண்டே போகிறது. தாளில் இது ஒரே கேள்வியும் ஒரே விடையும் திரும்பத் திரும்ப வரும் சில வரிகள்தான். கிறிஸ்டோபர் லாய்ட் எவ்வளவு மெதுவாக இழுக்கலாம், எதிரில் நிற்பவர் எவ்வளவு பொறுமையை இழக்கலாம், இன்னொரு முறை போனால் சலித்துவிடுமா என்பனவற்றை நடிகர்களும் இயக்குநரும் தளத்தில் நின்றுதான் கண்டுபிடிக்க முடியும்.

படப்பிடிப்பின்போது அவர் மானிட்டரைப் பார்க்கவே மாட்டார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– குறும்பட இயக்குநர், சென்னை

உண்மை. கேமராக்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே காதால் கேட்பவர் அவர். பிம்பத்தைக் கவனிக்கக் கேமரா ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். ஒத்திகையில் எல்லாம் முடிவாகியும் விட்டது. மிச்சமிருப்பது தாளம். ஒரு வரி அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் அது கண்ணுக்கு முன் காதுக்குத்தான் தட்டுப்படும். குறும்படம் எடுக்கும் நீங்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். உங்களிடம் ஒரு கேமராதான் இருக்கும், ஒத்திகைக்கு நான்கு நாள் இருக்காது.

பின்னணியில் கேட்கும் சிரிப்பு போலியானது அல்லவா? அது எரிச்சலூட்டுகிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

இருவகையும் உண்டு. சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் உருவாக்கிய சிரிப்புப் பெட்டியில் பதிவுசெய்யப்பட்ட விதவிதமான சிரிப்புகள் இருந்தன. விசையை அழுத்தினால் வேண்டியது வரும். பார்வையாளர்களே இல்லாமல் எடுத்த பல தொடர்களில் கேட்பது அதுதான். தங்கள் எரிச்சலில் எனக்கும் பங்குண்டு. ஆனால் 'சியர்ஸ்' போன்ற தொடர்களில் ஒலிப்பது அன்று மாலை அரங்கில் இருந்தவர்களின் சிரிப்பு. ஒட்டும் இடங்களைச் சமன்படுத்தப் பின்னர் ஒலியில் கொஞ்சம் மெருகு சேர்ப்பார்கள் என்பது வேறு விஷயம். அந்தச் சிரிப்பு அலங்காரமன்று. நடிகர் அது அடங்கும்வரை காத்திருக்கிறார், அதன் நீளத்துக்கேற்பத் தன் முகபாவத்தை நீட்டுகிறார். ஒரு வரிக்கு அரங்கம் அமைதியாக இருந்துவிட்டால், எழுத்தாளர்கள் தளத்திலேயே கூடி நின்று புது வரியொன்றை எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த முறை எடுக்கும்போது பார்வையாளர்கள் அதை முதன்முதலாகக் கேட்பார்கள்.

'சியர்ஸ்' முதலில் தோல்வியடைந்ததாமே?
– வாசகர், மதுரை

க்ளென் சார்ல்ஸ், லெஸ் சார்ல்ஸ் என்ற சகோதரர்களோடு சேர்ந்து பரோஸ் உருவாக்கிய தொடர் அது. பாஸ்டன் நகரத்து மதுக்கூடம் ஒன்றுதான் களம். 1982 செப்டம்பர் 30 அன்று என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கியபோது, பார்வையாளர் எண்ணிக்கைப் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. இன்றைக்கு என்றால் சில வாரங்களில் தூக்கியிருப்பார்கள். என்.பி.சி.யோ பொறுத்திருந்தது. அதன் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பிராண்டன் டார்டிகாஃப் தொடரை நம்பினார். நிறுவனத்தின் தலைவராக 1981-இல் வந்திருந்தவரோ, பரோஸின் கடிதத்துக்கு வேலை கொடுத்த அதே கிராண்ட் டிங்கர். மேலே ஏற்ற வேறு வெற்றித் தொடர்களும் அப்போது அந்த அலைவரிசையிடம் அதிகம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. தொடர் பதினோரு பருவங்கள் ஓடி 1993 மே மாதம் முடிந்தது.

முதல் எபிசோடை மட்டும் இயக்கிவிட்டு விலகிக்கொள்வது ஏன்?
– வாசகி, பெங்களூரு

அதுவே தனித் தொழிலாகிவிட்டது. 'ஃப்ரேசியர்', 'ஃபிரெண்ட்ஸ்', 'டூ அண்ட் எ ஹாஃப் மென்', 'தி பிக் பேங் தியரி' ஆகிய நான்கின் முதல் எபிசோடும் அவர் கைவண்ணம். அவர் தொடங்கிவைத்துத் தொடராக ஏற்கப்பட்டவை ஐம்பதுக்கும் மேல். முதல் எபிசோடில்தான் செட்டின் அமைப்பு, நடிகர்களுக்கிடையிலான இழை, பேச்சின் வேகம் எல்லாம் தீர்மானமாகின்றன. பின்னால் வருகிற இயக்குநர்கள் அந்த அச்சிலேயே வார்க்கிறார்கள். முதல் முயற்சியே எப்போதும் பலித்துவிடாது. 'தி பிக் பேங் தியரி'க்கு எடுத்த முதல் மாதிரி எபிசோடை அலைவரிசை ஏற்கவில்லை. பாத்திரங்களை மாற்றிச் சேர்த்து எடுத்த இரண்டாவதுதான் 2007-இல் ஒளிபரப்பானது. இரண்டையும் இயக்கியவர் பரோஸ்.

நடிகர்களை ஒரு குழுவாக்குவதும் அந்த வேலையில் சேரும். 1994-இல் 'ஃபிரெண்ட்ஸ்' ஒளிபரப்பாவதற்குச் சற்று முன்பு, அதன் ஆறு நடிகர்களையும் லாஸ் வேகஸ் நகருக்கு விருந்துக்கு அழைத்துச் சென்றார். யாரும் கண்டுகொள்ளாமல் ஆறு பேரும் சேர்ந்து வெளியே உலாவ இதுவே கடைசி வாய்ப்பு என்று அவர்களிடம் சொன்னார். சூதாட்ட மேசையில் வைக்கக் கையில் காசில்லாதவர்களுக்குக் காசும் கொடுத்தார். செப்டம்பர் 22-இல் தொடர் தொடங்கியபின் நடந்தது உங்களுக்கே தெரியும்.

திரைப்படம் இயக்கியிருக்கிறாரா?
– வாசகர், நாகர்கோவில்

ஒன்று. 1982-இல் 'பார்ட்னர்ஸ்'. பார்க்காவிட்டால் இழப்பில்லை.

இந்தத் துறையில் பெண் இயக்குநர்கள் யாரும் இல்லையா?
– வாசகி, ஈரோடு

பாமெலா ஃப்ரைமேனைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடரின் 208 எபிசோடுகளில் 196 அவர் இயக்கியவை. முன்னும் பின்னுமாகத் தாவும் குறுங்காட்சிகள் நிறைந்த தொடர் என்பதால் அதைப் பார்வையாளர் முன்னிலையில் ஒரே மாலையில் எடுக்க முடியவில்லை. மூன்று நாள் எடுத்து, தொகுத்து, பிறகு பார்வையாளர்களுக்குத் திரையிட்டு அவர்களுடைய சிரிப்பைப் பதிவுசெய்தார்கள். அரங்கத்தின் உதவியே இல்லாமல் நடிகர்களின் வேகத்தை அவர் காத்தது பரோஸின் வேலையைவிட ஒரு வகையில் கடினமானது என்பேன்.

இந்த வகைத் தொடர்களின் காலம் முடிந்துவிட்டதா? அவருடைய வேலையை அறிய எதைப் பார்க்கலாம்?
– வாசகர், கோலாலம்பூர்

எண்ணிக்கை குறைந்திருப்பது உண்மை. 2005-இல் தொடங்கிய அமெரிக்க 'தி ஆஃபிஸ்' போல, ஒரே கேமராவில் திரைப்படம் போலவும் சிரிப்பொலி இல்லாமலும் எடுக்கும் பாணி மேலோங்கிவிட்டது. ஆயினும் 2025-இல், எண்பத்து நான்கு வயதில், 'மிட்-செஞ்சுரி மாடர்ன்' என்ற புதிய தொடரின் பத்து எபிசோடுகளையும் பரோஸே இயக்கினார்.

பார்ப்பதென்றால் 'சியர்ஸ்' முதல் எபிசோடிலிருந்து தொடங்குங்கள். வெறுமையான மதுக்கூடத்தில் அதன் உரிமையாளர் சாம் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது, வயது போதாத பையன் ஒருவன் போலியான ராணுவ அடையாள அட்டையைக் காட்டி பீர் கேட்கிறான். சாம் அவனைத் திட்டவில்லை, துரத்தவுமில்லை. போர் எப்படி இருந்தது என்று முகம் மாறாமல் விசாரிக்கிறார். மதுக்கூடத்தின் அமைப்பும் சாமின் குணமும் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகின்றன. முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவை, பேசுபவரை விட்டுவிட்டு, பேசாமல் நிற்பவர்கள் எங்கே நிற்கிறார்கள், எப்போது நகர்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.