மகள் நாய்ப் பயிற்சியாளராக விரும்புகிறாளா? பணம் கட்டும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

மகள் நாய்ப் பயிற்சியாளராக விரும்புகிறாள், சம்மதிக்கலாமா என்ற உங்கள் கேள்வியில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த பெண் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறேன் என்கிறாளே, இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்பது ஒன்று. கடித்துவிட்டால் என்ன செய்வது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் இருக்கிறது. அதற்கு முன், இந்த வேலையில் அன்றாடம் என்ன நடக்கிறது என்பதை நீங்களும் அவளும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

வாரத்துக்கு 168 மணி நேரம். பயிற்சியாளர் நாயோடு இருப்பது அதில் இரண்டு, மூன்று மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் நாய் வீட்டாரிடமிருந்து கற்கிறது. மேலே தாவினால் அப்பா "டவுன்" என்கிறார், பையன் "நோ" என்கிறான், பாட்டி ஒரு இட்லித் துண்டைப் போட்டுச் சமாதானப்படுத்துகிறார். தாவினால் இட்லி கிடைக்கும் என்பதைத்தான் நாய் பிடித்துக்கொள்ளும். ஆகவே பயிற்சியாளர் பெரும்பாலும் பாடம் நடத்துவது அந்தக் குடும்பத்தாருக்கு. தன்னைவிட நாற்பது வயது மூத்தவரிடம் மரியாதை குறையாமல், "பாட்டி, நாலு காலும் தரையில இருக்கும்போது மட்டும் குடுங்க" என்று சொல்ல வேண்டும். அடுத்த வாரமும் முகம் சுளிக்காமல் அதையே சொல்ல வேண்டும். மனிதர்களோடு பேசப் பிடிக்காது, நாய் மட்டும் போதும் என்பது உங்கள் மகளின் எண்ணமானால் இந்த வேலை அவளுக்குப் பொருந்தாது. நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் கென்னலின் பராமரிப்பில் அந்தச் சுமை குறைவு, அதை யோசிக்கலாம்.

அடுத்தது கைப்பழக்கம். வெறும் "ஸிட்" சொல்லிக் கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலையில் பாதி அளவுக்கு நறுக்கிய வேகவைத்த கோழித் துண்டை நாயின் மூக்கருகே காட்டி, மெல்ல மேலும் பின்னுமாக நகர்த்த வேண்டும். தலை மேலே போகும்போது பின்பக்கம் தானாகத் தரையில் படியும். பட்ட அந்தக் கணத்தில் "எஸ்" என்றோ, 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவியான கிளிக்கரை அழுத்தியோ அடையாளம் காட்டி, உடனே தீனியைக் கொடுக்க வேண்டும். பையைத் துழாவிக்கொண்டு இரண்டு மூன்று விநாடி தாமதித்தால் நாய் எழுந்துவிடும். அப்போது கொடுக்கும் தீனி எழுந்து நின்றதற்கான கூலியாகிவிடும். நாலைந்து முறைக்குப் பிறகு கையில் தீனி இல்லாமல் அதே அசைவை மட்டும் காட்ட வேண்டும். அசைவுக்கு நாய் தவறாமல் உட்கார்ந்த பிறகுதான் சொல்லைச் சேர்ப்பது. சொல் முதலில், ஒரே ஒரு முறை, பிறகு அசைவு. "ஸிட், ஸிட், ஸிட்" என்று அடுக்கினால், நாலாவது முறை சொல்லும்போது உட்கார்ந்தால் போதும் என்று நாய் கற்றுவிடும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். கொடுக்கும் தீனியை அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டே மாதத்தில் லேப்ரடார் பீப்பாயாகிவிடும்.

வீட்டு ஹாலில் அழகாக உட்காரும் நாய் தெரு வாசல் கேட் அருகே கண்டுகொள்ளாமல் போவதை வீட்டார் திமிர் என்பார்கள். நாய்க்கு இடம் மாறினால் பாடமும் புதிது. எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், நாம் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறோம், சுற்றிலும் என்ன கவனச்சிதறல் என்ற மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே கூட்ட வேண்டும். ஐந்துக்கு நாலு முறை சரியாகச் செய்தால் ஒரு படி ஏறலாம். ஐந்தில் பாதிகூடத் தேறவில்லை என்றால் ஒரு படி இறங்க வேண்டும். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: மூன்றையும் ஒரே நாளில் கூட்டிவிட்டு நாயைத் திட்டுவார்கள்.

எந்தக் குருவிடம் கற்கிறாள் என்பதில்தான் நீங்கள் மிகுந்த கவனம் காட்ட வேண்டும். இந்தியாவில் நாய்ப் பயிற்சியாளராக அரசு உரிமம் எதுவும் தேவையில்லை, கட்டாயப் படிப்பும் இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், சான்றிதழும் அச்சடித்துக் கொடுக்கலாம். சேர்க்கும் முன், அவர் வேறொருவர் நாய்க்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு வகுப்பை முழுதாகப் பார்க்க அனுமதி கேளுங்கள். நாய் தப்புச் செய்யும்போது அவர் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினைச் சுண்டி இழுப்பது, காதைத் திருகுவது, மல்லாக்கத் தள்ளி அமுக்குவது ஆகியவற்றைப் பார்த்தால் மகளை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். "பதினைந்தே நாளில் நூறு சதவீதம் உத்தரவாதம்" என்பவரையும், நாயை வாங்கி வைத்துக்கொண்டு உரிமையாளரைப் பார்க்க விடாத கென்னலையும் தவிர்த்துவிடலாம்.

இதை இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. உறுமிய நாயை அடித்தால் உறுமல் நின்றுவிடும், உள்ளே இருக்கும் பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லா நாய்களுக்கும், மூர்க்கம் காட்டுபவை உட்பட, வெகுமதி வழிப் பயிற்சியையே பரிந்துரைத்தது. மின் அதிர்ச்சிக் கழுத்துப்பட்டையை வேல்ஸ் நாடு 2010லேயே தடை செய்தது. நம் நாட்டில் விலங்குக்குத் தேவையற்ற வலி கொடுப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். "நீதான் தலைவன் என்று நாய்க்குக் காட்டு" என்ற உபதேசத்துக்கு வேர், 1940களில் கூண்டில் அடைத்த, ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான்.

நம் ஊர் இனங்களைப் பற்றியும் அவள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கும் வேட்டை நாய்கள். ஓடும் பூனையைக் கண்டுவிட்டால் "கம்" என்ற சொல் காதில் ஏறாது. அவற்றுக்குத் திரும்பி வரும் பயிற்சி முடியும்வரை திறந்த வெளியில் 30 அடி நீளக் கயிறு அவசியம், அதையும் கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்ட வேண்டும். முழு வேகத்தில் ஓடிக் கயிறு தீரும்போது கழுத்து முறியக்கூடும். ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. பின்னால் நின்று கைதட்டிப் பார்க்காமல், "பிடிவாதக் குட்டி" என்று அதை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். கேளாத நாயும் கைச்சைகையில் எல்லாவற்றையும் கற்கும்.

கடிபடும் ஆபத்து இருக்கிறது, ஆனால் அதைக் குறைக்க முடியும். வேலையில் சேரும் முன்பே மருத்துவரைப் பார்த்து வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் பிறகும் கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்தடுப்பு முழுதாக எடுத்தவருக்கு அன்றும் மூன்று நாள் கழித்தும் என இரண்டு ஊசி போதும், காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்து தேவைப்படாது. பெரும்பாலான நாய்கள் கடிக்கும் முன் சொல்லிவிடுகின்றன: உடம்பு விறைக்கும், உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். இதைப் படிக்கக் கற்பதே முதல் வருடப் பாடம். முதல் இரண்டு வருடம் கடிக்கும் நாய்களைத் தனியாக ஏற்கவே கூடாது. ஏற்கிற காலம் வந்தாலும் கூடை வடிவ வாய்மூடியோடு, கால்நடை மருத்துவர் பார்த்த பிறகுதான். சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் காதுச் சீழோ இடுப்பு வலியோ இருக்கக்கூடும். அதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

படிப்பை விட வேண்டாம். பட்டப்படிப்பும் பயிற்சியும் ஒன்றாக நடக்கலாம். உளவியலோ விலங்கியலோ எடுத்தால் நல்லது. ஆங்கிலமும் வேண்டும், தரமான பாடங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. கால்நடை மருத்துவம் ஐந்தரை ஆண்டுப் படிப்பு, அது வேறு பாதை. முதல் ஆறு மாதம் உள்ளூர் விலங்குக் காப்பகத்தில் வார இறுதித் தன்னார்வலராகக் கூண்டு கழுவட்டும், நடைக்குக் கூட்டிப் போகட்டும். பிறகு ஒரு வருடமாவது நல்ல பயிற்சியாளருக்கு உதவியாளர். தேதி, நாய், என்ன சொல்லிக் கொடுத்தது, எத்தனை மணி நேரம் என்று நோட்டில் எழுதி வைக்கட்டும். பின்னாளில் நாய்ப் பயிற்சியாளர்களுக்கான அமெரிக்காவின் சிபிடிடி-கேஏ (CPDT-KA) சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், முந்தைய மூன்று ஆண்டுகளில் 300 மணி நேரப் பயிற்சி அனுபவம் காட்டித் தேர்வும் எழுத வேண்டும். அப்போது அந்த நோட்டு கைகொடுக்கும். இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. நாய்க் கண்காட்சிகளுக்குப் போனால் வளர்ப்பவர்களும் பயிற்சியாளர்களும் அறிமுகமாவார்கள்.

போலீஸ், ராணுவ மோப்ப நாய்ப் பிரிவுக்கு நேரடியாகப் பயிற்சியாளராகச் சேரும் வழி பொதுவாகக் கிடையாது. சீருடைப் பணியில் தேர்வாகிப் போய், அங்கிருந்து நாய்ப் பிரிவுக்கு மாறுவதே நடைமுறை. எல்லைப் பாதுகாப்புப் படையின் மையம் குவாலியர் அருகே டேகன்பூரிலும், ராணுவத்துடையது மீரட்டிலும் இருக்கின்றன. மகளுக்கு அதுதான் ஆசையென்றால் காவலர் தேர்வுக்குத் தயாராகட்டும்.

வருமானத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் காலை எட்டரை மணிக்கு மேல் நாயை வெளியே கொண்டுபோக முடியாது. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. அப்படியானால் வேலை காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை ஐந்திலிருந்து எட்டரை. ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரமும் பயணமும் சேர்த்தால் நாளுக்கு நாலைந்து வீடு, அதற்கு மேல் முடியாது. உங்கள் ஊரில் ஒரு வருகைக்கு என்ன வாங்குகிறார்கள் என்று மூன்று பேரிடம் விசாரித்து, அதை வாரத்துக்கு 20 வருகையால் பெருக்கி, பெட்ரோலைக் கழித்து, மழை நாட்களுக்கும் கடைசி நேர ரத்துக்கும் நாலில் ஒரு பங்கைத் தள்ளுங்கள். மிச்சம் வருவதுதான் அனுபவப்பட்டவரின் ஒரு வார வருமானம். முதல் இரண்டு வருடம் அதில் பாதியை எதிர்பார்த்தாலே அதிகம். தனியாகத் தொடங்கும்போது, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நாயின் தடுப்பூசி விவரம், முன்பு கடித்திருக்கிறதா, ரத்து விதி, முன்பணம் எல்லாவற்றையும் எழுதி வாங்க வேண்டும். பெண் என்பதால் முதல் சந்திப்புக்கு இன்னொருவரோடு போவதும், முகவரியை வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் கட்டாயம்.

இந்த விடுமுறையில் எந்தக் கோர்ஸுக்கும் பணம் கட்டாதீர்கள். காப்பகத்தில் மூன்று மாதம் அதிகாலையில் எழுந்து போகிறாளா என்று பாருங்கள். கூடவே, தெரிந்த வீட்டு நாய் ஒன்றுக்கு "ஸிட்", "ஸ்டே", "கம்" மூன்றையும் அந்த வீட்டுக்காரர் கையாலேயே செய்ய வைக்கட்டும். அவள் இல்லாத நாளில் அந்த நாய் வீட்டுக்காரர் சொல்லுக்கு உட்கார்ந்தால், குருவைத் தேடத் தொடங்கலாம்.