வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து

கேள்வி: பம்புசெட் மோட்டார் திருடியதாகத் தம்பியைப் போலீசார் அடித்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். தண்டனை கிடைத்துவிடுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 2023 சாட்சியச் சட்டம், 23-ஆம் பிரிவு. ஆனால் ‘அவன் சொல்லித்தான் மோட்டாரைக் கண்டெடுத்தோம்’ என்று எழுதினால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பொய் வழக்கு அங்கேதான் கட்டப்படுகிறது. மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதாகப் போலீஸ் எழுதும் பத்திரம்) சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். ஒரே டீக்கடைக்காரர் பல வழக்குகளில் சாட்சியாக நின்றதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொன்னது. பதிவு அழியுமுன் கேட்டு மனுப் போடுங்கள். காவலில் இருப்பவருக்கு வக்கீல் இலவசம், சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். அடித்த காயத்தை மாஜிஸ்திரேட்டிடம் தம்பி காட்டியே ஆக வேண்டும்.