தொண்டியிலிருந்து பதில்கள்: 1772 ஜூன்

கேள்வி: பழைய மாதம் ஒன்றை எடுத்து, அதில் நடந்தவை, பிறந்தவர்கள், இறந்தவர்கள் என்று பட்டியல் போடுகிறார்களே, ஆயிரத்து எழுநூறுகளின் பிற்பாதியில் நம் ராமநாதபுரம் சீமைக்கு எந்த மாதத்தைச் சொல்வீர்கள்? (வாசகி, கீழக்கரை)

பதில்: யோசிக்கவே வேண்டாம், 1772 ஜூன். நந்தன வருஷம், வைகாசிக் கடைசியும் ஆனி முதல் பாதியும். இப்போது என் மேஜைமேல் மணலை வாரிக் கொட்டுகிற இதே கச்சான் காற்று அப்போதும் அடித்திருக்கும்.

மாதத் தொடக்கத்தில் ஆற்காடு நவாபின் படையும் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையும் சேர்ந்து ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. கப்பப் பாக்கி என்று பேச்சு. அந்த நவாபோ கும்பினிக்காரர்களிடம் கழுத்துவரை கடன் வாங்கியவர்! ராமநாதபுரம் மன்னர், சேதுபதி முத்துராமலிங்கம், சிறு பையன். தாயார் முத்துத்திருவாயி நாச்சியார்தான் ஆட்சியைக் கவனித்துவந்தார். இருவரையும் திருச்சியில் சிறை வைத்தார்கள். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துச் சுவர் ஓவியங்களைப் பார்க்கப் போனால், ராமாயணக் காட்சிகளைத் தாண்டி, சேதுபதியைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களைத் தீட்டியிருக்கும் இடத்தில்தான் என் கால் நின்றுவிடும்.

படை அப்புறம் சிவகங்கைப் பக்கம் திரும்பியது. ஜூன் 25, காளையார்கோவில். ஒரு பக்கம் கும்பினித் தளபதி ஜோசப் ஸ்மித், இன்னொரு பக்கம் இன்னொரு தளபதி பான்ஜோர். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் அங்கேயே விழுந்தார். அவர் மனைவி வேலு நாச்சியார் ராமநாதபுரத்துச் சேதுபதி வீட்டுப் பெண். பிறந்த வீட்டுக் கோட்டையும் புகுந்த வீட்டுக் கோட்டையும் ஒரே மாதத்தில் போயின. மகள் வெள்ளச்சியோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

மற்ற ஊர்ச் செய்திகளும் கேட்பீர்கள். லண்டனில் ஃபோர்டைஸ் என்ற வங்கிக்காரர் கும்பினிப் பங்கு விலை இறங்கும் என்று பந்தயம் கட்டி, தோற்று, ஜூன் 8-ஆம் தேதி பிரான்சுக்கு ஓடினார்; இரண்டே நாளில் வங்கி மூடியது. ஜூன் 22-இல் அதே ஊரில் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு, சாமர்செட் என்ற அடிமையை விடுவித்துத் தீர்ப்புச் சொன்னார். காளையார்கோவிலுக்கு மூன்றே நாள் முன்னால். பிறப்பு? ராம்மோகன் ராய் மே 22-லேயே பிறந்துவிட்டார், நம் மாதத்துக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: வேலு நாச்சியார் எப்போது திரும்பினார்? காளையார்கோவிலில் அந்தக் காலத்து அடையாளம் ஏதாவது உண்டா? (வாசகர், தேவிபட்டினம்)

பதில்: எட்டு வருஷம் கழித்து, ஹைதர் அலி தந்த படை உதவியோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார். இறந்தது 1796 டிசம்பர் 25. அடையாளத்துக்கு, எங்கள் தொண்டியில் மதுரை பஸ் ஏறுங்கள். திருவாடானை தாண்டினால் காளையார்கோவில் கோபுரம் இரண்டு தெரியும். கண்ணை இழுக்கிற பெரியது பின்னால் மருது பாண்டியர் கட்டியது. சண்டையைப் பார்த்தது பக்கத்தில் இருக்கிற சின்னது.