மழை பேஞ்சா குளமாகுற ரயில்வே சப்வே

கேள்வி: எங்க ஊர்ல ரயில்வே கேட்டை எடுத்துட்டு தண்டவாளத்துக்கு அடியில சப்வே கட்டிக் குடுத்தாங்க சார். ஒரு மழை பேஞ்சா இடுப்பளவு தண்ணி, ஸ்கூல் பிள்ளைங்க மறுபடியும் தண்டவாளத்து மேலயே ஏறித்தான் போகுதுங்க. கட்டுறப்பவே இது தெரியாதா?
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தெரியும்மா, நல்லாவே தெரியும். தண்டவாளம் தரைமட்டத்துலயே ஓடுற எடத்துல அடியில வழி வேணும்னா தோண்டித்தான் ஆகணும், வண்டி போற உயரம், சப்வேயா உள்ள வைக்குற கான்கிரீட் பாக்ஸோட மேல்தளம், ஜல்லின்னு கூட்டுனா ரோடு கிட்டத்தட்ட அஞ்சு மீட்டர் கீழ போயிடும், பக்கத்து வாய்க்காலே அதைவிட மேல இருக்கும், அப்புறம் தண்ணி தானா எங்க வடியும்? ரயில் ஓடுறப்பவே ஜாக் வெச்சு பாக்ஸை மண்ணுக்குள்ள தள்ளுற அளவுக்கு நம்ம ஆளுங்களுக்கு தொழில் தெரியும், கோட்டை விடுறது தண்ணிக் கணக்குலதான்.

நீங்களே போட்டுப் பாருங்க. ரெண்டு பக்க சரிவும் சேத்து 200 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் மழைன்னா 70,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி கிட்டத்தட்ட ஆறு. இது நேரா உள்ள விழுறது மட்டும்தான். சரிவுக்கு மேல ஷீட் கூரை போட்டா இதுல பெரும்பகுதியை வெளியவே திருப்பிடலாம், ஆனா சரிவு ஆரம்பிக்குற எடத்துல ரோட்டை மேடா தூக்கலேன்னா தெருத்தண்ணி மொத்தமும் உள்ளதான் இறங்கும். மோட்டார் இருக்கேம்பாங்க, மழைன்னா மொதல்ல போறது கரண்ட்டு, ஜெனரேட்டர் இல்லாம அந்த மோட்டார் எப்படி ஓடும்?

இது வெறும் தொந்தரவு இல்லம்மா, உயிர் போற விஷயம். 2021 செப்டம்பர்ல புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சப்வேல தேங்குன தண்ணில கார் சிக்கி ஒரு பெண் டாக்டர் இறந்துட்டாங்க, அதை நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல. கதவோட அடியிலேர்ந்து 60 சென்டிமீட்டர் தண்ணி வெளிய நின்னாலே ஒரு மீட்டர் அகலக் கதவை கிட்டத்தட்ட 180 கிலோ அழுத்தும், உள்ள இருக்குறவங்களால தள்ளவே முடியாது. அப்படி மாட்டிக்கிட்டா கதவோட மல்லுக்கட்டாம உடனே கண்ணாடியை இறக்கி வெளிய வந்துடணும்.

கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்குறப்ப தண்ணி தேங்குதுன்னு மட்டும் எழுதாதீங்க. உள்ள வர்ற தண்ணி சேருற சம்ப் தொட்டி எவ்ளோ கொள்ளும், இறைக்குற தண்ணியை எங்க விடுறாங்க, ஜெனரேட்டர் உண்டா, சுவத்துல ஆழத்தைக் காட்டுற அளவு எழுதியிருக்கா, ராத்திரி தண்ணி ஏறுனா வழியை அடைக்க யாரு பொறுப்புன்னு ஒவ்வொண்ணா கேளுங்க. பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒண்ணு கேளுங்க, பாக்ஸுக்குள்ள அகலம் இருந்தா சுவரை ஒட்டி ரோட்டைவிட ஒசரமா கைப்பிடி வெச்ச நடைபாதை கட்டலாம், இடுப்பளவு தண்ணி நிக்கும்னா அதுக்கும் மேல இருக்குற மாதிரி.